வேம்படி மன்றத்தின் முகப்புப் படம்

மார்கழி பிறந்துவிட்டால் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். விடியலுக்கு முன் ஏரியிலிருந்து எழும் பனி கரையேறி வந்து, கதிர் வாங்கிய சம்பா நெல்லின் தலைகளை நனைத்து, மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லைகளின்மேல் வெண்துகில் விரித்தாற்போலப் படியும். மண மேளம் கேட்காது. புதுமனை புகுவார் இல்லை. மனிதர் தமக்கென்று எதையும் தொடங்காமல் முழுமையாக இறைவன் கையில் ஒப்படைத்துவிட்ட மாதம் அது. இருள் பிரியுமுன் கோயிற் கதவுகள் திறக்கும். மணியோசை பனியில் நனைந்து, கனத்து, தெருத் தெருவாக மெல்ல நடந்து வரும். உரத்துப் பேசினாலும் பிழையாகுமோ என்று எண்ணச் செய்யும் அமைதி அது.

அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகறையில், தையல்நாயகி நீராடி, திருநீறு அணிந்து, விளக்கேற்றி, பதிகம் ஒன்றை முழுதும் பாடி முடித்த பின்பே கைப்பேசியைத் தொட்டாள். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் அவளுக்கு அது நெடுநாள் ஒழுங்கு. இறைவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்ன பின்புதான் உலகத்தார் சொல்வதைக் கேட்பாள்.

திரை ஒளிர்ந்தது. வேம்படி மன்றத்தின் குழுவில் முகப்புப் படம் மாறியிருந்தது. எப்போதும் அங்கே நிற்கும் வேப்பமரம் இல்லை. அதன் இடத்தில் ஜெகதீசன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் கூடத்துச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

திண்டிவனத்துப் பள்ளியொன்றில் ஒன்றாகப் பயின்று, பின்பு அங்கும் விழுப்புரத்திலுமாகச் சிதறி வாழ்ந்தவர்கள் அமைத்த மன்றம் அது. பள்ளி முற்றத்து வேம்பினடியில் ஒன்றாக உண்டவர்களாதலால் அப்பெயர். கோடையில் கூத்துக் குழுவை அழைத்து வந்து பள்ளி மைதானத்தில் ஆடச் செய்வார்கள், மருத்துவமனைச் சுவர்களில் சித்திரம் தீட்டுவார்கள், இரத்தம் கொடுப்பார்கள், மார்கழி ஞாயிறுதோறும் திருவாமாத்தூர்க் கோயிலில் கூடிப் பதிகம் பாடுவார்கள். பாடுபவள் தையல்நாயகி. கஞ்சிரா வாசிப்பவன் ஜெகதீசன்.

அந்த மன்றத்தில் எழுதப்படாத முறை ஒன்று உண்டு. முகப்பில் என்றும் வேப்பமரமே இருக்கும். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மட்டும் மரம் விலகி அவர் முகம் வரும். காரியம் முடியும்வரை அது இருக்கும். படம் மாறிய அன்றே தையல்நாயகி இரங்கல் வெண்பா ஒன்று யாத்து அனுப்புவாள். இதுவரை மூவருக்கு அப்படி நிகழ்ந்திருந்தது. படமும் மாறி வெண்பாவும் வந்துவிட்டால், அதற்குமேல் எவரும் எதையும் கேட்பதில்லை.

ஒரு மாதமாக மார்பு வலி என்று ஜெகதீசன் சொல்லிக்கொண்டிருந்தான். போன ஞாயிறுகூட, பாட்டின் நடுவே கஞ்சிராவை மடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு ஐயம் என்று ஒன்று எழவே இல்லை. அவன் மனைவி அம்சவள்ளியோடு பேசலாமா என்று ஒரு கணம் எண்ணினாள். கணவனை இழந்து கிடப்பவளைத் தொலைபேசியில் அழைத்து, உண்மைதானா என்று கேட்பதா? துக்கத்தை நேரில் சென்றே கேட்க வேண்டும், அதுவே முறை. ஆகவே அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கண்ணீர் வழிய வழியச் சொற்கள் தாமே வந்து தளையில் அமர்ந்தன. கஞ்சிராவின் தோல் தளர்ந்தது என்று தொடங்கி, ஈசன் திருவடியில் அவன் தாளம் தொடர்க என்று முடிந்தது பாட்டு. அனுப்பிவிட்டு, பூக்கடை திறக்கும் நேரம் பார்த்துப் புறப்பட்டாள்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீசந்திரன் அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். வல்லத்தருகே தன் நிலத்தில் பயிர் செய்யும் சமணக் குடும்பத்தவன். மன்றத்தில் அதிகம் பேசாதவன். அவள் கையிலிருந்த பெரிய மாலையை வாங்கிக்கொண்டான்.

"நாலஞ்சு பேரு போன் பண்ணாங்க தையலு. எல்லாரும் அழுதாங்க. எப்போ, எப்டின்னு கேட்டா, உன் பாட்டப் படிச்சேன்றாங்க. அதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல."

"துக்க வீட்ல போன் போட்டுக் கேக்கற விஷயமா அது? போனா தெரிஞ்சிடப் போவுது."

"அதுவும் சரிதான்."

பேருந்து கிளம்பும்வரை ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்றாள். அவன் தலையசைத்து மறுத்தான்.

"படத்தப் பாத்ததுமே நோம்பு எடுத்துட்டேன். நாளைக்குச் சூரியன் வர்ற வரைக்கும் தண்ணிகூட இல்ல."

"இந்தப் பனியில இன்னாத்துக்கு?"

"எங்கூட்டு மல்லாட்டைய எத்தினி வருஷம் தின்னுருக்கான். அவனுக்காக ஒரு நாள் பட்டினி கெடக்க மாட்டனா?"

பேருந்து விழுப்புரம் நோக்கி ஓடியது. குழுவில் இரங்கல்கள் மழையாகப் பொழிந்தபடி இருந்தன. சிலர் அவள் வெண்பாவையே ஜெகதீசனின் படத்தின்மேல் பொறித்து, ஓரத்தில் எரியும் விளக்கும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அன்றைய திருவாமாத்தூர்ப் பாடலை நிறுத்திவிட்டுப் பிற்பகலில் எல்லாரும் துக்க வீட்டுக்கே வருவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது, துயரத்தின் நடுவிலும், தன் பாட்டை இத்தனை பேர் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்களே என்று ஓர் எண்ணம் ஓடி மறைந்தது. அந்த எண்ணத்தை அவள் பின்பு பலமுறை நினைத்து நாணினாள்.

ஜெகதீசன் வீடு இருந்த கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ நின்றது. தெருவில் சாமியானா இல்லை. நெகிழி நாற்காலிகள் இல்லை. சங்கொலி இல்லை, வாசலில் செருப்புக் குவியல் இல்லை. ஜெகதீசனின் தாய் ஜெயம், சாணம் தெளித்த வாசலில் குனிந்து கோலமிட்டுக்கொண்டிருந்தாள். நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ மஞ்சளாக மலர்ந்திருந்தது.

தையல்நாயகியின் கால்கள் ஆட்டோவின் அருகிலேயே நின்றுவிட்டன.

"யாரு, தையலா? வா கண்ணு. ஏன் பனியில நின்னுக்கினு இருக்க?"

இறந்தவனின் வீட்டில் தாய் கோலம் போடமாட்டாள். அப்படியானால் இவளுக்கு இன்னும் சொல்லப்படவில்லையா? அல்லது, அல்லது... அதற்கு மேல் எண்ணவும் அஞ்சினாள்.

"ஜெகாவும் அம்சாவும் ஊர்ல இல்லியேம்மா. முந்தாநேத்தே மெட்ராஸ் போய்ட்டாங்க. கல்யாண ஜோலியாம். மார்கழில இன்னாடா கல்யாண ஜோலின்னு கேட்டேன். பொண்ணு ஊட்டுக்காரங்க மண்டபம் பாக்கறாங்க, கூட வரச் சொல்றாங்கன்னான். அவனுக்கு எப்பத்தான் ஒழுங்காப் பொய் சொல்ல வந்துது?" கிழவி சிரித்தாள். அப்போதுதான் ஸ்ரீசந்திரன் கையிலிருந்த மாலையைக் கண்டாள். "அடேயப்பா, எம்மாம் பெரிய மாலை. ஆமாத்தூர் சாமிக்கா? இங்க குடு, ஒருவாட்டி கண்ணுல ஒத்திக்கினு தர்றேன்."

இரண்டு கைகளும் நீண்டன. அந்தக் கைகள் வளர்த்த மகனுடைய பிணத்துக்கென்று கட்டச் சொன்ன மாலை அது. தையல்நாயகிக்குத் தடுக்கவும் தோன்றவில்லை. ஸ்ரீசந்திரன்தான் ஓரடி பின்வாங்கினான்.

"அம்மா, கோலமாவுக் கையி. கோயிலுக்குப் போறது."

"ஆமா ஆமா, வயசாச்சில்ல, புத்தி மழுங்கிப் போச்சு. போய்ட்டு வாங்க. எம்பிள்ளைக்கும் சேத்து வேண்டிக்கங்க."

தெருமுனை திரும்பும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அங்கே நின்ற வேலமரத்தின் கிளையில் ஸ்ரீசந்திரன் அந்த மாலையை மாட்டிவிட்டுத் தன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அப்போது அவள் கைப்பேசி ஒலித்தது. அம்சவள்ளி.

"அக்கா, எங்கக்கா இருக்கீங்க? குரூப்ல போட்டுடறேன், விடிஞ்சா ஜனம் வந்து நிக்கும்னு ராத்திரி சொன்னாரு நடராசண்ணன். ஒரு ஆளு வர்லக்கா. அவருக்கு இன்னிக்கு நெஞ்சுல ஆப்ரேசன், இங்க விழுப்புரத்துலயேதான், அத்தைக்குத்தான் மெட்ராஸ்னு சொல்லி வச்சோம். அவரு ரத்தம் சுலுவுல கெடைக்காதாம். ஓ நெகட்டிவ். ஆளு வந்தாத்தான் உள்ள கூட்டிக்கினு போவோம்னு சொல்லிட்டாங்க."

"ஜெகதீசன்..." என்றாள் தையல்நாயகி.

"உள்ளதான் இருக்காரு. காப்பி குடுக்க மாட்டன்றாங்கன்னு நர்ஸம்மாகிட்டச் சண்டை போட்டுக்கினு இருக்காரு."

அவள் அந்தத் தெருமுனையிலேயே, ஒரு வீட்டு மதிலின் அடியில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான் என்ற மகிழ்ச்சி முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது தன் பாட்டின் நினைவு. இருக்கிறவனை இல்லை என்று பாடினேன். காலையில் இறைவன் பெயரைச் சொன்ன அதே நாவால் பாடினேன். இப்போது இரத்தம் கொடுக்க வரவேண்டியவர்கள் எல்லாரும் என் பாட்டைப் படித்துவிட்டு அழுதுகொண்டு வீட்டில் இருக்கிறார்கள்.

குழுவில் எழுதினாள்: ஜெகதீசன் உயிரோடு இருக்கிறார். உடனே இருவர் கைகூப்பும் படம் இட்டார்கள். ஒருவர் விடை எழுதினார்: "ஆம் அம்மா, நம் நெஞ்சங்களில் என்றென்றும்." அதன்மேல் அடுத்த இரங்கல் வந்து விழுந்தது, அதன்மேல் இன்னொன்று. அவள் சொல் எங்கோ கீழே போய்ப் புதைந்துவிட்டது.

"உடு," என்றான் ஸ்ரீசந்திரன். "ஒருத்தரும் இப்ப நம்ப மாட்டாங்க. எனக்கு ஓ நெகட்டிவ்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. வெறும் வயிற்றோடு வருபவரிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். மன்றத்தின் ஒவ்வொரு முகாமிலும் அதை ஒலிபெருக்கியில் சொல்பவளே அவள்தான். அவனோ, மறுநாள் கதிரவன் எழும்வரை நீரும் தொடுவதில்லை என்று தன் தெய்வத்தின் முன் உறுதி பூண்டு வந்திருக்கிறான். எடுத்த நோன்பை விடுவது அவர்கள் குடியில் எத்தனை பெரிய குற்றம் என்பதை அவள் அறிவாள். சாப்பிடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த நோன்பும் அவள் பாட்டால் உறுதிப்பட்டதுதானே.

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். பிறகு, "மணி ஆவுது. ஜல்தியா நட," என்றான்.

மருத்துவமனைக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடை இருந்தது. அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். கிழக்கே, கட்டடங்களுக்கு நடுவே பனியைக் கிழித்துக் கதிரவன் மேலேறியிருந்தான். அத்திசை நோக்கிக் கைகுவித்து, ஐவகைப் பெரியோரை வணங்கும் தன் மந்திரத்தை உதடு மட்டும் அசையச் சொன்னான். சொல்லி முடித்த பின்பும் நெடுநேரம் கண் திறக்கவில்லை. கடைக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டார்.

உள்ளே வந்து இட்டலி கேட்டான். சாம்பாரில் அவன் குடி தொடாத வெங்காயம், ஆகவே சர்க்கரை வாங்கித் தொட்டுக்கொண்டான். முதல் துண்டை வாயில் வைத்தபோது அவன் கண்கள் கலங்கியதை அவள் கண்டாள்.

"பாவமில்லியா, ஸ்ரீசந்திரா?"

"பாவந்தான். அதுக்குப் பதிலா ரெண்டு நாளு சேத்துக் கெடப்பேன். சாமிகிட்டச் சொல்லிட்டேன்." ஒரு மிடறு நீர் குடித்தான். "செத்தவனுக்குப் பட்டினி கெடக்கலாம். அது எனக்கு ஆறுதல். இருக்கறவனுக்கு நான் பட்டினி கெடந்து இன்னா ஆவப் போவுது? நீயும் ஒரு வாய் சாப்புடு. அழுவாத, பேஜாரா இருக்குது."

மருத்துவமனையின் படிக்கட்டில் நடராசன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். விழுப்புரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். சென்ற வாரம்தான் குழுவின் பொறுப்பு அவனிடம் வந்திருந்தது. இவர்களைக் கண்டதும் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினான்.

"போய்ட்டானேம்மா. நான் கீழதான் இருந்தேன், சார்ஜர் வாங்கப் போனேன், அதுக்குள்ள போய்ட்டானே."

"யாருடா சொன்னது?" என்றான் ஸ்ரீசந்திரன்.

"இதோ தையலு எழுதியிருக்காளே."

விவரம் மெல்ல மெல்ல வெளிவந்தது. இரவு அவன்தான் படத்தை மாற்றினான். அறுவைச் சிகிச்சைச் செய்தி எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று நண்பனின் முகத்தை முகப்பில் வைத்தான். அதன்பின் வேண்டுகோளை எழுதத் தொடங்கியபோது கைப்பேசியின் உயிர் போய்விட்டது. முகப்பில் முகம் வந்தால் அதற்கு மன்றத்தில் என்ன பொருள் என்பது அவன் நினைவுக்கே வரவில்லை. காலையில் எங்கோ இரவல் மின்னேற்றி பெற்றுக் கைப்பேசியை எழுப்பினால், கண்முன் வெண்பா. நண்பன் படுத்திருக்கும் அறைக்கு ஒரு மாடி கீழே இருந்துகொண்டு, மேலே ஏறிப் பார்க்கவும் தோன்றாமல் அழுதிருக்கிறான்.

"மேல போய்ப் பாத்தியா?"

"எப்டிப் பாக்கறது? அம்சா மூஞ்சில எப்டி முழிக்கறது?" மூக்கை உறிஞ்சினான். "அவ பாட்டு எழுதிட்டாளே. அவ கேக்காம எழுதுவாளா?"

தையல்நாயகி அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு தலைகுனிந்தாள். மாடிப்படி முழுதும் அது அவளோடு ஏறி வந்தது.

ஸ்ரீசந்திரன் இரத்தம் கொடுத்தான். பரிசோதனைகள் முடிய நண்பகல் தாண்டியது. அதற்குள் நடராசன் மேலே ஓடி, ஜெகதீசனின் கையைப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் அழுது, முகப்பில் வேப்பமரத்தைத் திரும்ப வைத்து, துக்க வீட்டுக்குக் கிளம்ப இருந்தவர்களைத் தடுத்து, நடந்தது அத்தனையையும் அவனிடமே சொல்லிவிட்டிருந்தான். ஆகவே தள்ளுபடுக்கையில் பச்சை உடையோடு அவனை அழைத்து வந்தபோது, தையல்நாயகி சுவரோரமாக ஒதுங்கினாள். அவன் கண்கள் அவளைத் தேடிப் பிடித்தன.

"தையலு. பாட்டு நல்லா வந்துருக்குதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடிய வாங்கி வச்சுட்டாங்க, முழுசாப் படிக்க முடியல. நடராசன் படிச்சான். அவன் படிச்சா மளிகை லிஸ்ட் மாதிரி இருக்குது." மூச்சு வாங்கிக்கொண்டான். "எத்தினி பேரு அழுதாங்க?"

"எல்லாரும்," என்றாள் மெல்ல.

"பரவால்ல. ஆனா ஒருத்தனும் எங்களுக்கு ஒரு போன் போடல, பாத்தியா? ஒரே ஒரு போன். அம்சா எடுத்து, இருக்காருங்கன்னு சொல்லியிருப்பா." சிரிக்க முயன்றான், சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கண்களில் அப்போது தெரிந்தது அச்சம். "அதான் கொஞ்சம் ஒருமாரி ஆயிடுச்சு."

கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவின் எதிரே அவள் பல நாழிகை நின்றாள். எத்தனையோ பதிகங்கள் அவளுக்குப் பாடம். ஒன்றின் முதலடியும் வரவில்லை. அம்சவள்ளி அருகே வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். நடந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. பற்றிய கை சில்லென்று இருந்தது.

பொழுது சாயும் வேளையில் மருத்துவர் வெளியே வந்து, இதயம் தானாகத் துடிக்கிறது, இனி அச்சமில்லை என்றார். நடராசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்சவள்ளி அழாமல் நின்றாள். பிறகு தையல்நாயகியிடம், "அக்கா, அத்தைய நீங்க போய்க் கூட்டிக்கினு வாங்க. எனக்குச் சொல்லத் தெம்பு இல்ல," என்றாள்.

அதை மறுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று தையல்நாயகி அறிந்தாள்.

ஜெயம் விளக்கேற்றிவிட்டுத் தனியே உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகி அவள் காலடியில் அமர்ந்து, ஜெகதீசன் சென்னைக்குச் செல்லவில்லை என்பதையும், அன்று பிற்பகலில் அவன் மார்பைத் திறந்து தைத்தார்கள் என்பதையும், இப்போது நலமாக இருக்கிறான் என்பதையும் சொன்னாள். காலையில் தான் எதை எண்ணி வந்தாள் என்பதையும் மறைக்கவில்லை.

கிழவி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். பின் எழுந்து, துவைத்த சேலை ஒன்று உடுத்திக்கொண்டு, "போலாம்," என்றாள்.

மருத்துவமனையில் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குழாய்களின் நடுவே, மகனின் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. ஜெயம் அதையே பார்த்து நின்றாள். பின் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தாள். திருவாமாத்தூர்த் திருநீறு. உள்ளே செல்ல வழியில்லாததால், அந்த நிலைப்படியில் மெல்லக் குந்தி, சிட்டிகை நீற்றைக் கதவின் ஓரத்தில், துடைப்பவர் கண்ணில் படாத மூலையில் இட்டாள். நெற்றியைக் குளிர்ந்த தரையில் வைத்தாள். அவள் உதடுகள் என்ன சொல்லின என்பது எவருக்கும் கேட்கவில்லை. அம்சவள்ளியும் நடராசனும் விலகி நின்றார்கள். கையில் பஞ்சு ஒட்டிய ஸ்ரீசந்திரன் கண்மூடிக் கைகுவித்தான். தையல்நாயகியின் கைகள் அவளை அறியாமலே குவிந்தன.

கிழவி எழுந்தபோது மூச்சு இரைத்தது. விரல் நுனியில் எஞ்சியிருந்த நீற்றைத் தையல்நாயகியின் நெற்றியில் இழைத்தாள். கோடு நேராக வந்தது. பின் ஸ்ரீசந்திரன் தலைமேல் கைவைத்தாள்.

"நல்லா இருங்க கண்ணு. எம்பிள்ளைக்கு வர்ற ஆயுசு உங்க எல்லாருக்கும் வரட்டும். நூறு வருசம் நல்லா இருங்க."